பெட்டியில் நாற்பத்தொரு கத்தி

கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, கோமுகி வாய்க்கால் பாயும் ஊர் ஒன்றில், ஒரு கரும்பு வெட்டுப் பருவம் முழுக்க எனக்கு இருந்த வேலை ஒரு பெட்டியின் சாவியை வைத்திருப்பது. அதற்கு முன் லாரியில் கிளீனராக இருந்தேன். கல்வராயன் மலையில் கடுக்காய் மூட்டை சுமந்தேன். காட்டில் மூங்கில் வெட்டும் கூப்பில் ஒரு மழைக்காலம் முழுவதும் அட்டை கடித்த காலோடு நின்றேன். அவற்றோடு பார்த்தால் சாவி வைத்திருப்பது வேலையே இல்லை. எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனுக்கு ஒரு நோட்டும் பேனாவும் தருகிறார்கள் என்றால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. சாலை மறியல் தொடங்கியபோது நான் வெள்ளிமலையில் இருந்தேன். பஸ் மேலே வரவில்லை. சந்தைக்கு மூட்டை இறங்கவில்லை. மூட்டை இறங்காவிட்டால் சுமக்கிறவனுக்குச் சோறு இல்லை. மூன்றாம் நாள் நடந்தே கீழே இறங்கினேன். அடிவாரம் தாண்டியதும் சாலையில் புளியமரங்கள் குறுக்கே விழுந்து கிடந்தன. ஒரு மரத்தை ஏறிக் கடந்தால் கூப்பிடு தூரத்தில் இன்னொன்று. கிளைகளில் பிஞ்சுப் புளி இன்னும் பச்சையாக இருந்தது. நான் பறித்துத் தின்றுகொண்டே நடந்தேன்.

மறியல் செய்தவர்கள் கேட்டது படிப்பிலும் உத்தியோகத்திலும் பங்கு. எனக்கு அதில் தவறு எதுவும் தெரியவில்லை. மரம் வெட்டியவர்களில் பாதிப் பேருக்கு என்னைவிடப் படிப்பு கம்மி. ஆனால் நான் பிறகு சாவி வைத்திருந்த ஊரில் விழுந்த மரம் காலனி வாசலில் போய் விழுந்தது. காலனியில் இருந்தவர்களுக்கு நிலம் இல்லை, மறியலால் கூலியும் இல்லை, அடுப்பெரிக்க விறகும் இல்லை. வாசலில் ஒரு புளியமரம் தானாக வந்து படுத்திருக்கிறது. பெண்கள் போய்க் கிளை ஒடித்தார்கள். மறியல் மரத்தில் கை வைப்பது மறியலை உடைப்பது என்று ஊர்ப் பையன்கள் சொன்னார்கள். விறகு என்று இவர்கள் சொன்னார்கள். அன்று சாயங்காலத்துக்குள் காலனி எரிந்தது. ஊர்ப் பக்கமும் இரண்டு வைக்கோல் போர் போனது, ஒருவருக்குத் தலையில் வெட்டு. நான் போய்ச் சேர்ந்தபோது சாம்பல் ஆறியிருந்தது.

விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த ஆள் எடுத்தார்கள். நான் அந்த வேலையில் சேர்ந்தேன். அப்படித்தான் கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸ் வாசலில், அறுத்த மரத்தைக் கொண்டுவந்து போட்ட லாரி மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே சமாதானக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

அந்த அதிகாரி நல்ல மனிதர். இரண்டு பக்கத்து ஆட்களையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, ஒரே தட்டிலிருந்து டீ எடுக்கவைத்தார். ஊர் சார்பில் கையெழுத்துப் போட்டவர் பம்புசெட் வைத்திருந்த ஒரு விவசாயி. ஊரில் முதலில் கரும்பு முற்றுவது அவர் கொல்லையில்தான். காலனி சார்பில் கையெழுத்துப் போட்டவர் வெட்டு ஆட்களுக்கு மேஸ்திரி. நெட்டையாக, கொஞ்சம் கூன் விழுந்து, பேசும்போது எதிராளியின் காலைப் பார்த்தே பேசுவார்.

பத்திரத்தில் முக்கியமான ஷரத்து கத்தி. கரும்பு வெட்டும் கத்தி ஊரிலும் இருந்தது, காலனியிலும் இருந்தது. ஊரிலும் நிலம் இல்லாதவர்கள் வெட்டுக்குத்தான் போவார்கள். தீ வைத்த அன்று இரண்டு பக்கத்துக் கையிலும் இருந்தது அந்தக் கத்திதான். ஆகவே எல்லாக் கத்தியும் ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கும் கூட்டுறவுச் சங்க உரக் கிடங்கில் ஒரு பெட்டிக்குள் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு ஒரு போலீஸ்காரர் முன்னிலையில் கொடுத்து, சாயங்காலம் எண்ணி வாங்கிப் பூட்ட வேண்டும். அடுத்த ஷரத்து, பம்புசெட்டுக்காரர் கொல்லை முதற்கொண்டு எல்லா வயலையும் இரண்டு பக்கத்து ஆட்களும் முறை வைத்து வெட்ட வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரு தரப்பும் கூடிப் பேச வேண்டும். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும். யார் எடுப்பார் என்று அதில் இல்லை. அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

சாவி யாரிடம் என்ற பேச்சு வந்தபோது ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதிகாரி வெளியே வந்து வெற்றிலை போட்டார். லாரி மேல் இருந்த என்னைப் பார்த்தார்.

"எந்த ஊருப்பா நீ?"

சொன்னேன்.

"இந்தப் பக்கம் சொந்தக்காரங்க?"

"யாரும் இல்லீங்க."

"எழுதப் படிக்க?"

"எட்டாவது வரைக்கும்ங்க."

உள்ளே கூட்டிப் போனார். என் சாதியைக் கேட்டார்கள். சொன்னேன். அது இரண்டு பக்கத்திலும் இல்லாத சாதி. இரண்டு பக்கமும் தலையாட்டியது. என் வாழ்நாளில் என் சாதியைக் கேட்டு இரண்டு பேர் ஒரே நேரத்தில் நிம்மதியானது அன்று ஒருநாள்தான்.

சம்பளம் என்று பேசியது பிறகு சரியாக வரவில்லை. சாப்பாடு முறை வைத்து வந்தது. ஒருநாள் ஊரிலிருந்து தூக்கில், ஒருநாள் காலனியிலிருந்து குண்டானில்.

வெட்டு தொடங்கியது. முதல் நாளே அந்தப் பத்திரத்தை எழுதியவருக்குக் கரும்பு தெரியாது என்று தெரிந்துபோனது. வெட்டு ஆட்கள் விடிவதற்கு முன் வயலில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் கரும்பின் காய்ந்த இலையான சோகை கையை அறுக்கும், வேலை ஓடாது. ஏழு மணிக்குப் போலீஸ்காரர் சைக்கிளில் வரும்வரை நாற்பத்தொரு பேர் உரக் கிடங்கு வாசலில் குந்தியிருந்தார்கள். ஊர் ஆட்கள் ஒரு பக்கம், காலனி ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் யூரியா நெடி.

அதைவிடப் பெரிய சிக்கல் தீட்டுவது. ஒவ்வொருவரும் தன் கத்தியைத் தானே தீட்டுவார். சாயங்காலம் குளித்துச் சாப்பிட்டுவிட்டு, வீட்டு வாசலில் தீட்டுக்கல்லைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அரை மணி நேரம். அடுத்தவன் தீட்டிய கத்தியில் வெட்டினால் கை பிடிபடாது என்பார்கள். பெட்டியில் பூட்டிய கத்தி மறுநாள் மழுங்கலாகவே வந்தது. மழுங்கல் கத்தி கரும்பை வெட்டாது, பிளக்கும். அடிக்கட்டை பிளந்தால் அதிலிருந்து அடுத்த பயிராக வர வேண்டிய மறுதாம்பு துளிர்க்காது. அது வெட்டுகிறவனுக்கு நஷ்டமில்லை, கொல்லைக்காரனுக்கு நஷ்டம்.

நான்காம் நாள் பம்புசெட்டுக்காரர் கிடங்குக்கு வந்தார்.

"இன்னாப்பா சாவிக்காரரே, எங் கொல்லய வந்து பாத்தியா? கட்டையெல்லாம் தொடப்பம் மாதிரி பொளந்து நிக்குது. மறுதாம்பு உங்க ஆபீசர் வந்து மொளைக்க வெப்பாரா?"

"நான் இன்னாங்க பண்றது? பூட்டச் சொன்னாங்க, பூட்டுறேன்."

"பூட்டு, யாரு வேணாண்ணது. தீட்டறதுக்கு மட்டும் குடுத்து வுடு. காலையில எடுத்துக்கினு நேரா வயலுக்குப் போவட்டும். ரெண்டு பக்கத்துக்கும்தான் சொல்றேன்."

மேஸ்திரியைக் கேட்டேன். அவர் என் காலைப் பார்த்தபடி, "ஞாயந்தான் தம்பி. ஆனா பேப்பர்ல அப்படி இல்லியே" என்றார். பிறகு, "அந்த ஆபீசரக் கேட்டா இன்னா?" என்றார். கேட்கப் போலீஸ்காரரிடம் சொல்லி அனுப்பினோம். அவர் அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவரே சனிக்கிழமை மட்டும்தான் வந்தார். கச்சிராயபாளையத்தில் திருவிழா பந்தோபஸ்து என்றார், அப்புறம் வேறு ஏதோ சொன்னார். பெட்டியைத் திறந்து பார்க்கமாட்டார். நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சங்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார்.

ஆகவே நானே முடிவெடுத்தேன். சாயங்காலம் எண்ணி வாங்கி, நோட்டில் எழுதி, தீட்டுவதற்குக் கேட்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பது. வெட்டு இல்லாத நாளில் எல்லாம் பெட்டிக்குள் வந்துவிட வேண்டும். இரண்டு பக்கமும் சந்தோஷப்பட்டார்கள். சொல்லப்போனால் அந்தப் பருவத்தில் ஊரும் காலனியும் மனமொத்து ஒப்புக்கொண்ட ஒரே காரியம் அதுதான்.

மேஸ்திரி மட்டும் தன் கத்தியை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. தீட்டுக்கல்லைக் கிடங்குக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். விடிவதற்கு முன் வந்து, என்னை எழுப்பி, படியில் உட்கார்ந்து தீட்டுவார். ஏன் இந்தக் கஷ்டம் என்று கேட்டேன்.

"கையெழுத்துப் போட்டவன் நானு. எங் கத்தி வூட்ல இருந்தா நாளைக்கு எவனாவது கேப்பான் இல்ல?"

அவருடைய வீடு எரிந்ததில் முதல் வரிசை. மண்சுவரை மெழுகி, மேலே கரும்புச் சோகையைப் போட்டுத் தனியாக இருந்தார். மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் மணலூர்பேட்டையில் மனைவியின் தம்பி வீட்டில் இருந்தார்கள். தீ அன்று அந்த அம்மாள் சின்னதை இடுப்பிலும் பெரியதைக் கையிலுமாக வாய்க்காலுக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்றாராம். திரும்பி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். மேஸ்திரி இரண்டு தடவை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. தம்பி வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? அங்கே ஏற்கெனவே ஆறு பேர். பெரிய பெண் பள்ளிக்கூடம் போகவில்லை.

பொங்கல் கழிந்து ஒருநாள் அவர் என்னைக் கேட்டார். "நீ ஒரு வாட்டி வந்து சொல்றியா தம்பி? நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. சாவி வெச்சிருக்கறவன் சொன்னா நம்புவா."

போனோம். கள்ளக்குறிச்சி வந்து, திருக்கோவிலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து மணலூர்பேட்டை. திருக்கோவிலூரில் பெண்களுக்கு ரிப்பனும் ஒரு பொட்டலம் காராபூந்தியும் வாங்கினார்.

அந்த அம்மாள் வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முறத்தை நிறுத்தவில்லை.

"இன்னா, வக்கீலு இட்டாந்திருக்கியா இந்த வாட்டி?"

"சாவிக்காரத் தம்பி" என்றார் மேஸ்திரி.

"தெரியுது. இடுப்புல தொங்குதே." என்னைப் பார்த்தார். "உக்காருங்க தம்பி. தண்ணி வேணுமா?"

தண்ணீர் குடித்தேன். குழந்தைகள் ரிப்பனைப் பிரித்துப் பார்த்துச் சண்டை போட்டன. அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"எனுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்தப் பொட்டியில கத்தியெல்லாம் இருக்குதா?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மார்கழிக் கடைசியில் ஆலையில் ஏதோ பழுது, வெட்டு இரண்டு நாள் நின்றது. கத்திகள் பெட்டிக்குள் வந்தன. எண்ணினேன், நாற்பத்தொன்று. ஆனால் எண்ணும்போது கையில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. ஒன்றின் பிடி உளுத்திருந்தது. ஒன்றின் அலகு தேய்ந்து விரல் அகலம்தான் இருந்தது. துருப் பிடித்து அப்பம் போல உப்பியவை நாலைந்து. பரணில் எறிந்து கிடந்த பழைய கத்திகள். நல்ல கத்தி வீட்டில் இருந்தது, எண்ணிக்கைக்கு இவை வந்தன. ஊர்ப் பக்கத்துக் கத்திதான் முதலில் அப்படி வந்தது என்று நினைக்கிறேன். அடுத்த தடவை வெட்டு நின்றபோது காலனிப் பக்கமும் அப்படியே. யாரும் யாரிடமும் கேட்டுச் செய்யவில்லை. கிடங்கு வாசலில் நிற்கும்போதே அடுத்தவன் கையில் இருப்பது வெட்டுகிற கத்தியா, பரண் கத்தியா என்று அவர்களுக்குத் தெரியும். தெரியாதவர் போலீஸ்காரர் ஒருவர்தான்.

நான் நோட்டில் 41 என்று எழுதினேன். கத்தி பழையது என்று எழுதுவதற்குக் கட்டம் இல்லை. எழுதினாலும் யாரிடம் காட்டுவது? கூடிப் பேச வேண்டிய கூட்டம் ஒரே ஒரு தடவை நடந்தது. இரண்டாம் கூட்டத்துக்கு ஊர் ஆட்கள் வரவில்லை, மூன்றாவதை யாரும் கூட்டவில்லை. யாரையாவது பிடித்துக் கேட்டால் அன்றைக்கே சண்டை. கேட்காவிட்டால் இன்றைக்குச் சண்டை இல்லை. நான் கேட்கவில்லை. மேஸ்திரியிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். காலைப் பார்த்தே பேசுகிறவர் எதையெல்லாம் பார்த்தார் என்று சொல்ல முடியாது.

"சொல்லுங்க தம்பி. இருக்குதா?"

"எண்ணிக்கை சரியா இருக்குதுங்க அண்ணி. நாப்பத்தொண்ணு."

"நீங்களே எண்றீங்களா?"

"நானேதான் எண்றேன்."

அந்த அம்மாள் முறத்தை மறுபடி எடுத்து இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு புருஷனைப் பார்த்து, "கூரைக்கு இன்னா போட்டிருக்கே, சோகையா? பனியில எங் கொழந்தைங்க நனையணுமா?" என்றார். வருகிறேன் என்று சொல்வதற்கு அவருக்கு இருந்த விதம் அது. மேஸ்திரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. அதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். பெரிய பெண் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது. காலனி முறைக்கு எனக்குச் சாப்பாடு அந்த வீட்டிலிருந்து வர ஆரம்பித்தது. கருவாட்டுக் குழம்பு அப்படி ஒன்றை நான் அதற்கப்புறம் சாப்பிட்டதில்லை. ஊர் முறைச் சாப்பாடு அதற்குள் நின்றுபோயிருந்தது. இரண்டு நாள் வரவில்லை, மறந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஊர் முறை வந்த நாட்களில் அந்த அம்மாளே இரண்டு உருண்டை களி சேர்த்து அனுப்பிவிடுவார்.

மாசியில் அடுத்த போராட்டம் பற்றிச் சுவரெழுத்து வந்தது. பஸ் நிழற்குடைச் சுவரில் எழுதியதை யாரோ சாணியால் மெழுகினார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அதே வாரம் பம்புசெட்டுக்காரர், மேட்டுக் கொல்லை வெட்டு காலனி முறையாக இருந்தும், ஊர் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார். மேஸ்திரி போய்க் கேட்டார். நானும் கூட நின்றேன்.

"முறை எங்களதுங்க. பேப்பர்ல இருக்குது."

"பேப்பரா? அத எடுத்தா, பாக்கலாம்."

"தாலுகா ஆபீஸ்ல இருக்குதுங்க."

"அப்ப அங்கயே போயி வெட்டுங்க" என்றார் பம்புசெட்டுக்காரர். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அவரைப் பற்றிக் கெட்ட அபிப்பிராயம் இல்லை. அவருடைய ஆட்கள் அவரை நெருக்கினார்கள். முறையை மீறாமல் இருந்தால் அவரைக் கேட்க நூறு பேர். மீறினால் கேட்க ஒருத்தரும் இல்லை. யாராக இருந்தாலும் எந்தப் பக்கம் போவார்கள்?

மேஸ்திரியும் நானும் கள்ளக்குறிச்சி போனோம். அந்த நல்ல அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர் எங்களை நிற்கவைத்தே கேட்டார்.

"எந்த சமாதானம்?"

சொன்னோம். கிளார்க்கைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். கிளார்க் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, ஃபைல் மேலே போயிருக்கும் என்றார். எங்கே மேலே என்று நான் கேட்டேன். அவர் மேலே பார்த்தார். மாடி இல்லாத கட்டடம் அது. மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள். என் நோட்டிலிருந்து தாள் கிழித்து நானே எழுதினேன். மேஸ்திரி கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் மேஸ்திரி கேட்டார். "அவங்கள மறுபடி அனுப்பிடலாமா தம்பி, மணலூர்பேட்டைக்கு?"

அப்போதாவது பெட்டியில் இருப்பது என்ன என்று சொல்லியிருக்கலாம். "மனு குடுத்திருக்குதில்ல, பாக்கலாம்ணா" என்றேன்.

"பள்ளிக்கூடம் வேற நிக்கும்" என்றார் அவர்.

மனு கொடுத்த ஐந்தாம் நாள் ஆலை வெட்டை நிறுத்தியது. கத்திகள் எல்லாம் பெட்டிக்கு வந்தன. எண்ணினேன், நாற்பத்தொன்று, பூட்டினேன். நல்ல கத்தி என்று சொல்ல அதில் ஒன்றுதான் இருந்தது. அது மேஸ்திரியுடையது. மறுநாள் மத்தியானம், வெட்டு இல்லாததால் ஆட்கள் எல்லாம் சும்மா இருந்த நேரம், மேட்டுக் கொல்லையில் ஏற்கெனவே வெட்டிக் கிடந்த கரும்பை ஏற்ற வந்த டிராக்டரைக் காலனி இளவட்டங்கள் வழியில் மறித்தார்கள். முறை தவறிய கரும்பு வெளியே போகக்கூடாது என்றார்கள். டிராக்டர்காரன் ஓடிப்போய்ச் சொன்னான். அப்புறம் நடந்ததற்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை.

நான் கிடங்கு வாசலில் இருந்தேன். ஊர்ப் பக்கமிருந்து அவர்கள் என்னைத் தாண்டித்தான் போனார்கள். கையில் கத்தி, வெயிலில் பளபளவென்று, நேற்றுத் தீட்டியவை. ஒவ்வொருவரையும் எனக்குத் தெரியும். ஒருத்தன் போகிற போக்கில், "பொட்டிய பத்திரமா பாத்துக்கடா" என்றான். எதிரே காலனியிலிருந்து வந்தவர்கள் கையிலும் அதே மாதிரி கத்தி. என் இடுப்பில் சாவி இருந்தது.

மேஸ்திரி கையில் ஒன்றும் இல்லை. அவர் வீட்டு வாசலில் நின்றார். உள்ளே மனைவியும் சின்னக் குழந்தையும். கூரைக்கு நெருப்பு வைக்க வந்தவனை இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். வலது கையில் மூன்று விரல் போனது. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின. அன்றைக்கு இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சாவு. அவை யாருடையவை என்று எழுத எனக்கு விருப்பமில்லை. காலனி மறுபடி எரிந்தது. இந்தத் தடவை எல்லா வீடும் எரிந்தது, முதல் வரிசை, கடைசி வரிசை என்று இல்லை.

பெரிய பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நான்தான் கூட்டிவந்தேன். வாய்க்கால் கரையோரமாகச் சுற்றி வந்தோம். புகையைப் பார்த்துவிட்டு அந்தப் பெண், "கரும்புச் சோகை கொளுத்துறாங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த அம்மாள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. பெண்ணை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். வெகுநேரம் கழித்து, "சாப்டீங்களா தம்பி?" என்று கேட்டார். நான் வெளியே போய்விட்டேன்.

பத்து நாளில் இரண்டாம் சமாதானக் கூட்டம் நடந்தது. இந்தத் தடவை பெரிய அதிகாரிகள், நிறைய வண்டிகள். பழைய பத்திரம் கிடைக்காததால் என்னைக் கூப்பிட்டு ஷரத்துகளைக் கேட்டார்கள். நினைவிலிருந்து சொன்னேன். அதையே வரிசைப்படி டைப் அடித்தார்கள். நான் எழுந்து, "எண்ணிக்கை பாத்தா மட்டும் போதாதுங்க. அலகைத் தொட்டுப் பாக்கணும். தீட்டுறதுக்கு நேரம் விடணும். தெனம் ஒரு ஆளு வந்து பாக்கணும்ங்க" என்றேன்.

"அதெல்லாம் நடைமுறை. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஒருவர்.

டைப் அடித்தவர் கடைசி வரிக்கு வந்துவிட்டார். மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

அப்போது ஓர் அதிகாரி, வெளியேறிய குடும்பங்கள் திரும்பினால்தான் ஊர் அமைதியாக இருப்பதாக மேலே எழுத முடியும் என்றார். திரும்புகிற குடும்பங்களுக்குக் கூரைக்குத் தகரமும் அரிசியும் தருவார்கள். மேஸ்திரி குடும்பம் மணலூர்பேட்டைக்குப் போயிருந்தது. "நீ போய்க் கூப்பிடு. உன் பேச்சுக்கு முன்னாடி வந்தாங்களாமே" என்றார். ஒரு ஜீப்பில் திருக்கோவிலூர் வரை கொண்டுவந்து விட்டார்கள்.

நான் மணலூர்பேட்டை போனேன். பெண்ணையாற்றுப் பக்கமாக நடந்து, அந்தத் தெரு முனையில் நின்றேன். அந்த அம்மாள் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வாசலில் உட்கார்ந்து, துணி சுற்றிய கையை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் சின்னப் பெண்ணுக்குத் தலை வார முயன்றுகொண்டிருந்தார். சீப்பு கீழே விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது.

தகரம் என்று சொன்னால் வருவார்களா? வரக்கூடும். தம்பி வீட்டில் பத்துப் பேராக எவ்வளவு நாள்? நான் கால் மணி நேரம் நின்றிருப்பேன். பிறகு அவர்கள் பார்ப்பதற்கு முன் திரும்பிவிட்டேன். தாலுகா ஆபீசில், "அங்க இல்லீங்க. எங்கயோ போயிட்டாங்களாம்" என்றேன். இருப்பிடம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, அன்று மாலையே மலைக்குப் போகும் பஸ் ஏறினேன்.

அடுத்த வெட்டுப் பருவத்தில் அந்தக் காலனி மறுபடி எரிந்ததாகச் சேராப்பட்டில் ஒரு டீக்கடையில் கேள்விப்பட்டேன். தகரம் எரியாது, ஆனால் உள்ளே இருந்ததெல்லாம் எரிந்ததாம். அன்று நான் செய்தது சரி என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மேஸ்திரியைத் திருக்கோவிலூர்ச் சந்தையில் பார்த்தேன். தோளில் வெங்காய மூட்டை, இடது கையால் பிடித்திருந்தார். மூட்டையை இறக்கிவிட்டு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். டீ சொன்னேன். அவர் டம்ளரைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் வைத்துக் குடித்தார். சின்னப் பெண் மஞ்சள் காமாலையில் போய்விட்டதாகச் சொன்னார். தம்பி வீட்டில் இடமில்லாமல் ஆற்றோரம் குடிசை போட்டிருந்தார்களாம், தண்ணீர் சரியில்லை. பெரியது ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறது.

டீ முடிந்ததும் என் காலைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்போ திரும்பிப் போனவங்களுக்கெல்லாம் தகரமும் அரிசியும் குடுத்தாங்களாமே தம்பி. நம்ம வூட்டுக்கு மட்டும் யாரும் வந்து சொல்லவே இல்ல. ஏன்னு உனக்கு எதுனா தெரியுமா?"

"தெரியலைணா" என்றேன்.